விழுந்தவரை வாழ்த்திய கம்பளம்

1. செவ்வாய்க்கிழமை

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை 7.20க்கு குருபோங் தொழிற்சாலையில் கார்டு தட்டினேன். தையல் பகுதியின் விளக்குகளைப் போட்டேன், காற்றாடிகளைச் சுழலவிட்டேன், ஒரு கோப்பி குடித்தேன். பிறகு முந்தின நாள் வந்திறங்கிய சில்வர் நூல் கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தேன். இந்த நூலின் மேல் வெள்ளி பூசியிருப்பார்கள். அதன் வழியாக மின்சாரம் ஓடும். மீட்டர் கீச்சென்றால் நூல் நல்லது. சத்தம் வராத கண்டு சிவப்புக் கூடைக்குப் போகும். அன்று நான்கு கண்டுகள் போயின.

பத்து மணிக்கு டத்தோ வந்தார். அதற்கு முன் எங்கள் தொழிற்சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகள் நாங்கள் இதே கட்டடத்தில் கார் சீட் கவர் தைத்தோம். ஆர்டர் கொடுத்த கார் கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் மேலாளர் மிஸ்டர் சிவா கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் நாம் சீட் கவர் தைப்பவர்கள் இல்லை, வீடுகளுக்கு உணர்வு கொடுப்பவர்கள் என்று அறிவித்தார். தையல் இயந்திரங்கள் மாறவில்லை. தைக்கும் பெண்களும் மாறவில்லை. வாசல் பலகை மட்டும் மாறியது.

இரண்டு முறை தட்டினால் விளக்கு எரியும் தலையணை உறை, தடவினால் விலகும் திரைச்சீலை, ஆள் உட்கார்ந்தால் தொலைக்காட்சியைப் போடும் சோபா விரிப்பு என்று வரிசையாகச் செய்தோம். தையல் பகுதியில் என்னுடன் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த லெட்சுமி முதல் நாளே கேட்டாள்:

“ஏங்க்கா, சுவிட்ச தட்னாலே லைட்டு எரியுது. அப்புறம் எதுக்கு லா தலகாணிய போட்டு அடிக்கணும்?”

இதற்கான பதில் எங்கள் விளம்பரத் தாளில் இருந்தது. ஆங்கிலத்தில், வழவழப்பான காகிதத்தில், நாலு பக்கத்துக்கு இருந்தது. படித்துப் பார்த்தேன். பதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

உருப்படியான பொருள் என்று நான் நம்பியது ஒன்றே ஒன்றுதான்: விழுந்தால் சொல்லும் கம்பளம். கம்பளத்துக்கு அடியில் சில்வர் நூலைக் கட்டம் கட்டமாகத் தைத்த ஒரு விரிப்பு இருக்கும். மேலே ஆள் நின்றால் இரண்டு பாதங்கள் அழுத்தும். ஆள் விழுந்துவிட்டால் நீளமாக ஓர் உருவம் அழுத்தும். சுவரோரம் இருக்கும் பெட்டி அந்த நீளத்தைப் பார்த்து, விழுந்துவிட்டார் என்று முடிவு செய்து, அலாரம் அடித்து, பதிந்துவைத்த எண்ணுக்குப் போன் போடும். பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியவன் ஹாஃபிஸ். இருபத்தாறு வயதுப் பொறியாளன், சுங்கை ரம்பாய்க்காரன், என்னோடு மலாயில்தான் பேசுவான். நான் கியூசி, தரம் பார்க்கிறவள். எந்தப் பொருளும் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு என் கையெழுத்து வேண்டும்.

டத்தோவுக்கு வருவோம். பெயர் வேண்டாம். டத்தோ என்பது அரசு கொடுத்த பட்டம்; அவர் வீட்டிலேயே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஜாசின் பக்கம் புதிதாக ஒரு பங்களா கட்டி முடித்திருந்தார். அவருடைய அப்பா முனியாண்டி ஐயாவுக்கு எண்பத்து மூன்று வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பழைய வீட்டில் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தார். இரண்டாவது தடவை, யாரும் பார்க்காமல் மதியம் முழுக்கத் தரையில் கிடந்தார். மூன்றாவது தடவை அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் டத்தோ கம்பளம் வாங்க வந்தார். அதைச் சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அதையும் எழுதிவைப்பதுதான் நியாயம்.

டெமோ விரிப்பின் மேல் ஹாஃபிஸ் விழுந்து காட்டினான். பெட்டி சத்தமிட்டது, மேசை மேலிருந்த போன் அடித்தது. டத்தோ கைதட்டினார்.

“இதான் யா நமக்கு வேணும். சிங்கப்பூர்ல கூட இப்டி கெடையாது.”

எல்லாரும் நகரும் நேரம் பார்த்து லெட்சுமி முன்னால் வந்தாள். அவள் மகனுக்கு ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்க டத்தோவின் சிபாரிசு தேவைப்பட்டது. வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் டத்தோவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். டெமோ விரிப்பின் மேலேயே.

பெட்டி அலறியது. ஆள் விழுந்துவிட்டார், ஆள் விழுந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. லெட்சுமி பயந்துபோய் எழுந்து, என்னவோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்பதற்காக மறுபடியும் விழுந்தாள். பெட்டி மறுபடியும் அலறியது.

ஹாஃபிஸ் என்னைப் பார்த்தான். அவன் நாலு மாதம் சோதித்த பெட்டி. வழுக்கி விழுவதைச் சோதித்திருந்தான், மயங்கி விழுவதைச் சோதித்திருந்தான், நாற்காலியிலிருந்து சரிவதையும் சோதித்திருந்தான். ஒருவர் இன்னொருவர் காலைப் பார்த்து, தானாகவே, நல்ல நினைவோடு விழுவார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் கிறிஸ்தவப் பெண். நாங்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்வோம்.

டத்தோவின் முகம் மாறிவிட்டது.

“மிஸ்டர் சிவா, வர்ற மாசம் ஒம்பதாம் தேதி என் வீட்டு கிரகப்பிரவேசம். எத்தன பேரு என் கால்ல வுழுவாங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும் இது இப்டி ஆம்புலன்சு மாதிரி கத்துனா, என் மானம் என்னா ஆவுறது?”

“நோ ப்ராப்ளம் டத்தோ. நாங்க கஸ்டமைஸ் பண்ணி குடுத்துருவோம்.”

மிஸ்டர் சிவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் சரி என்பார். எதற்குச் சரி என்றோம் என்று பிறகு எங்களைக் கேட்பார்.

2. கூட்டம்

அன்று மாலை கூட்டம். மிஸ்டர் சிவா, ஹாஃபிஸ், நான்.

ஹாஃபிஸ் ஒரு யோசனை சொன்னான். விழுந்தவரின் தலைக்கு முன்னால் இரண்டு பாதங்கள் நின்றால் அது மரியாதை. பாதங்கள் இல்லாவிட்டால் அது விபத்து. நல்ல யோசனை. ஆனால் அதை ஒழுங்காக எழுதிச் சோதிக்க இரண்டு மாதம் வேண்டும் என்றான்.

“ரெண்டு மாசமா? ஃபங்ஷனுக்கு நாலு வாரம்கூட இல்ல லா,” என்றார் மிஸ்டர் சிவா. “அன்னிக்கு ஒரு நாளு அலாரத்த ஆஃப் பண்ணு. இல்ல, இரு, இரு. ஆஃப் பண்ணாத. யாராச்சும் வுழுந்தா அலாரத்துக்கும் போனுக்கும் பதிலா அது வாழ்த்தட்டும். தமிழ்ல. ‘நூறாண்டு வாழ்க’ன்னு சொல்லட்டும். எப்டி?”

நானும் ஹாஃபிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

“அது மட்டுமில்ல. எத்தன ஆசீர்வாதம்னு கவுண்ட் பண்ணி, கூடாரத்துல பெரிய ஸ்கிரீன்ல போடுறோம். டத்தோ அப்டியே குளுந்துருவாரு. ஸ்டெல்லா, வாய்ஸ் நீங்கதான் குடுக்கணும். நீங்க சர்ச்சுல வாசிக்கிறவங்க. ஒங்க தமிழு சுத்தமா இருக்கும்.”

மறுநாள் ஸ்டோர் ரூமில், துணி ரோல்களுக்கு நடுவில் நின்று, “நூறாண்டு வாழ்க” என்று ஹாஃபிஸின் போனில் பதிவு செய்தேன். மூன்று தடவை. முதல் தடவை குரல் கண்டிப்பாக இருக்கிறது என்றார்கள் தையல் பகுதிப் பெண்கள். இரண்டாவது தடவை சோகமாக இருக்கிறது என்றார்கள். மூன்றாவதில்தான் தாய்மை வந்ததாம்.

அப்போது ஹாஃபிஸ் கேட்டான்: “கா, காலாவ் ஓராங் பெத்தூல் ஜாத்தோ?” அக்கா, ஆள் நிஜமாகவே விழுந்தால்?

அந்தக் கேள்வியை மிஸ்டர் சிவாவின் அறைக்குக் கொண்டுபோனேன்.

“அலாமாக், ஸ்டெல்லா! அன்னிக்கு வூடு நெறைய ஆளு இருப்பாங்க. வுழுந்தா புடிக்க ஆளா இல்ல?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வீடு நிறைய ஆள் இருந்தால் ஒருவரை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம்.

3. கிரகப்பிரவேசம்

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. முந்தின மாலையே சர்ச்சில் பூசைக்குப் போய்வந்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு டத்தோவின் வீட்டில் இருந்தோம். எனக்கும் ஹாஃபிஸுக்கும் கம்பெனி டீ சட்டை, முதுகில் “வீட்டுக்கு உணர்வு” என்ற வாசகம். நாள் முழுக்க விருந்தினர்கள் என்னைக் கேட்டரிங் ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். சிலருக்குக் கொண்டுவந்தும் கொடுத்தேன்.

கூடத்தில் எங்கள் கம்பளம். கம்பளத்தின் தலைமாட்டில் இரண்டு நாற்காலிகள். பெரியதில் டத்தோ. சிறியதில் முனியாண்டி ஐயா, புது வேட்டி, புதுத் துண்டு. பால் பொங்கி முடிந்ததும் வரிசை தொடங்கியது.

வேலை விஷயமாக நான் பல கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான வரிசையை எந்த பேங்கிலும் பார்த்ததில்லை. விழ, எழ, படம் எடுக்க, நகர. ஒவ்வொரு விழுதலுக்கும் சுவரோரப் பெட்டியிலிருந்து என் குரல் வந்தது: நூறாண்டு வாழ்க. சனம் சிரித்து மகிழ்ந்தது. வெளியே கூடாரத்தின் பெரிய திரையில் எண் ஏறியது. பக்கத்துத் தாமான் குடியிருப்பின் சங்கத் தலைவர், படம் மங்கலாக விழுந்துவிட்டது என்று திரும்பி வந்து இன்னொரு தடவை விழுந்தார். ஒருவர் வரமுடியாத தன் மைத்துனருக்காகவும் சேர்த்து விழுந்தார். முட்டிவலிக்கார அம்மா ஒருவர் குனிந்து காலைத் தொட்டுவிட்டுப் போனார். பெட்டி அவரைக் கண்டுகொள்ளவில்லை.

“எனக்கு மட்டும் ஏன் சொல்லல?” என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

“முழுசா படுத்தாதாங்க சொல்லும்மா.”

“அப்ப எனக்கு நூறு வயசு கெடையாதா?”

டத்தோ ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்தினார். காலை பத்து மணிவாக்கில் அந்தக் கை ஆளைப் பார்க்காமலேயே உயரத் தொடங்கிவிட்டது. கண் கேமராவில் இருந்தது. கை தன்னுடைய வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

இடையில் முனியாண்டி ஐயாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனேன்.

“பசியாறிட்டீங்களா ஐயா?”

“எங்கம்மா! காலைலேருந்து குந்தியிருக்கேன். வர்றவன் எல்லாம் என் கால பாக்குறான். மூஞ்சிய ஒருத்தனும் பாக்கல.” தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பொட்டிக்குள்ள பேசுறது நீயா?”

“ஆமாங்க ஐயா.”

“ஒவ்வொருத்தனுக்கும் நூறு வருசம் குடுக்குறியே. இங்க வந்திருக்கிறதுல பாதிப் பேருக்கு அது ரொம்ப ஜாஸ்தி.”

4. சாப்பாட்டு நேரம்

ஒரு மணிக்குச் சாப்பாடு. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடாரத்துக்குப் போனார்கள். டத்தோ வி.ஐ.பி. மேசையில் உட்கார்ந்தார். “அப்பாவுக்கு உள்ளயே சாப்பாடு அனுப்புங்க” என்று யாரோ சொன்னதை நான் கேட்டேன். “சரி” என்று யாரோ சொன்னதையும் கேட்டேன். சொன்னவரும் சாப்பிட உட்கார்ந்தார், சரி என்றவரும் உட்கார்ந்தார்.

எனக்கும் ஒரு வாழை இலை கிடைத்தது. ஹாஃபிஸ் திரைக்குப் பக்கத்தில் வயர்களோடு இருந்தான். மேடையில் ஒருவர் கரோக்கே பாடிக்கொண்டிருந்தார்.

ரசத்துக்குக் கை நீட்டும்போது திரையைப் பார்த்தேன். எண் ஒன்று ஏறியது.

மைக் பிடித்திருந்த அறிவிப்பாளர் பாட்டை நிறுத்தச் சொன்னார். “பாருங்க, பாருங்க! சாப்பாட்டு நேரத்துலகூட டத்தோவோட ஆசீர்வாதத்துக்கு ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க! ஒரு தட்டு தட்டுங்க!”

கூடாரம் கைதட்டியது. டத்தோ எழுந்து நின்று கும்பிட்டார். என் இலையிலிருந்து நாலாவது மேசையருகே நின்று கும்பிட்டார்.

எண் மறுபடி ஏறியது. மறுபடி கைதட்டல்.

டத்தோ இங்கே நிற்கிறார். அப்படியானால் உள்ளே யார், யார் காலில் விழுகிறார்கள்?

கை கழுவாமல் ஓடினேன். செருப்போடு வீட்டுக்குள் போனேன். கூடத்தின் வாசலை எட்டும்போது என் குரல் எனக்குக் கேட்டது. தாய்மையோடு.

நூறாண்டு வாழ்க.

முனியாண்டி ஐயா கம்பளத்தின் நடுவில் பக்கவாட்டில் கிடந்தார். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். கை மடிந்து மறுபடி சரிந்தார். பெட்டி மறுபடி வாழ்த்தியது. வெளியே கைதட்டும் சத்தம் கேட்டது.

நான் குனிந்து அவர் தோளைப் பிடித்தேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்து, தெளிவாக, கொஞ்சம் கோபத்தோடு சொன்னார்:

“யாரு கால்லயும் வுழலம்மா நானு. சும்மா வுழுந்தேன்.”

“தெரியுதுங்க ஐயா. எங்க வலிக்குது?”

“சோறு வரும்னாங்க. வரல. சரி, நாமளே போவோம்னு எந்திரிச்சேன்.” மூச்சு வாங்கினார். “மொத தடவ நீ வாழ்த்துனப்ப, ஆளு யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சி, தூக்கி வுடும்மான்னு கேட்டேன். ரெண்டாவது தடவயும் கேட்டேன்.”

துண்டை எடுத்து மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன்.

ஹாஃபிஸும் பின்னாலேயே ஓடிவந்திருந்தான். முதலில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு இருவரும் சேர்ந்து ஐயாவை உட்காரவைத்தோம். வெளியே திரை அணைந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் மிஸ்டர் சிவா உள்ளே வந்தார்.

“என்னா ஸ்டெல்லா, ஸ்கிரீன் போயிருச்சே!”

பிறகுதான் ஐயாவைப் பார்த்தார்.

டத்தோவை அழைத்துவந்தோம். அவர் வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அப்பா, அப்பா என்று இரண்டடி ஓடிவந்தார். பிறகு நின்று, தாழ்ந்த குரலில் மிஸ்டர் சிவாவைக் கேட்டார்: “போட்டோக்காரங்க வெளியதானே இருக்காங்க?”

இரண்டும் ஒரே ஆள். இரண்டும் ஒரே நிமிடத்தில். பல மாதங்களாக இதை யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை அதிகம்.

5. ஞாயிறு மாலை

ஜாசினில் கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு தப்பியது. இடது மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் ரத்தக்கட்டு. மாலையே ஐயாவை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். விருந்தினர்களிடம், அப்பா களைப்பாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார் என்று சொல்லப்பட்டது.

வீட்டு முற்றத்தில், மடக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில், மிஸ்டர் சிவா பொருள் ஒப்படைப்புத் தாளை நீட்டினார்.

“சைன் பண்ணிருங்க ஸ்டெல்லா. இன்னிக்கே முடிச்சிருவோம்.”

“டெஸ்ட் பண்ணாம எப்டி சைன் பண்றது?”

“இன்னும் என்னா டெஸ்ட் லா? காலைலேருந்து டெஸ்ட்தானே? கவுண்ட் ஒண்ணுகூட தப்பல.”

“ஒண்ணுகூட தப்பல. ஐயா வுழுந்தத நாலா எண்ணியிருக்கு.”

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போனார். “நாளைக்கு சாயங்காலம் ஒரு பெரிய புள்ளி வர்றாரு. டத்தோ ஆசப்படுறாரு. ஒரே நாளு. வாழ்த்து அப்டியே இருக்கட்டும். செவ்வாய்க்கெழம மாத்திக்கலாம்.”

“நாளைக்கு பகல்ல ஐயா வுழுந்தா?”

“அதான் வீட்ல…” என்று தொடங்கினார். வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று சொல்லப்போனார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட வாக்கியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஹாஃபிஸிடம், பெட்டி நிஜமாகவே வேலை செய்தால் எந்த எண்ணுக்குப் போன் போகும் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான். டத்தோவின் உதவியாளர் எண். அவருக்கு சனி, ஞாயிறு விடுமுறை.

அதாவது, வாழ்த்தை எடுத்துவிட்டிருந்தாலும், ஐயா சனி ஞாயிறில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் சில சமயம் கேட்கிறார்கள், கியூசியில் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று. மீட்டர் பிடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். துணியில் நூல் இழுத்திருப்பதைக் கண்ணே கண்டுபிடிக்கும். முதலில், உங்கள் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டுபவரின் பெயர் ரசீதில் இருக்கும். தரையில் கிடக்கப்போகிறவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அவரை நாமாகத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொருளைப் பார்த்து அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: நான் தனியாக இருக்கும்போது நீ என்ன செய்வாய்? அதற்குப் பொருள் பதில் சொல்லாவிட்டால், அது சிவப்புக் கூடைக்குப் போக வேண்டும். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் போக வேண்டும்.

அன்று வீடு திரும்பும்போது ஹாஃபிஸிடம் சொன்னேன், காலையில் தொழிற்சாலைக்குப் போகாதே, நேராக ஜாசினுக்கு வா என்று. “பொஸ் மாரா நந்தி,” என்றான். முதலாளி கோபிப்பாராம். கோபிக்கட்டும் என்றேன்.

6. திங்கட்கிழமை

ஜூன் 10. காலை 6.50க்கு டத்தோவின் வீட்டு வாசலில் இருந்தேன். ஹாஃபிஸ் எனக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் வந்து காத்திருந்தான். வீட்டு வேலைக்கு இருந்த இந்தோனேசியப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். முனியாண்டி ஐயா கூடத்தில் தன் சிறிய நாற்காலியில், மணிக்கட்டில் கட்டோடு, ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, விடியக்காலயிலயே வாழ்த்த வந்துட்டியா?”

“இல்லங்க ஐயா. அத எடுக்க வந்தேன்.”

ஹாஃபிஸ் பெட்டியைத் திறந்து மடிக்கணினியைச் சொருகினான். என் குரலை அழித்தான். பழைய அலாரத்தைத் திரும்பப் போட்டான். உதவியாளரின் எண்ணை எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் இருந்த டத்தோவின் சொந்த எண்ணைப் பதிந்தான். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஒப்படைப்புக்கு முன் கடைசிச் சோதனையை கியூசிதான் செய்ய வேண்டும். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டேன். கம்பளத்தின் நடுவில் போய் நின்றேன். ஐம்பத்து நாலு வயதில் வேண்டுமென்றே விழுவது அவ்வளவு எளிதில்லை. முழங்கால் முதலில், உள்ளங்கை அடுத்து, பிறகு முழு உடம்பும். குப்புறப் படுத்து, அசையாமல் இருந்தேன்.

பெட்டி அலறியது. மாடியில் எங்கோ ஒரு போன் அடிக்கத் தொடங்கியது. கதவு திறக்கும் சத்தம், பிறகு படிகளில் வெறுங்காலோடு ஒருவர் தடதடவென்று இறங்கும் சத்தம். டத்தோ கைலியோடு, தலை கலைந்து, அடித்துக்கொண்டே இருந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு, “அப்பா!” என்று கத்திக்கொண்டு வந்தார்.

வந்தவர் கம்பளத்தின் ஓரத்தில் நின்றார். அப்பா நாற்காலியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கம்பளத்தின் மேல், டத்தோவின் காலடியில், ஒரு பெண் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தாள்.

நான் தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தேன். டத்தோவின் வலது கை மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.

“டேய்,” என்றார் ஐயா, ரொட்டியை மென்றுகொண்டே. “அந்தம்மா ஒங்கிட்ட ஆசீர்வாதம் கேக்கல. கைய கீழ எறக்கி, தூக்கி வுடு.”